உயர் வரிசை ஹார்மோனிக்குக்கு ஏன் இத்தனை மெல்லிய படலம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: இரண்டாம் ஹார்மோனிக் உண்டாக்க மில்லிமீட்டர் கணக்கில் தடிமனுள்ள படிகம் வைக்கிறோம், படிகம் நீண்டால் ஒளியும் கூடும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். உயர் வரிசை ஹார்மோனிக் ஆய்வுகளில் மட்டும் ஏன் நூறு இருநூறு நானோமீட்டர் குறைகடத்திப் படலத்தைத் தேடுகிறார்கள்? எங்கள் ஆய்வகத்தில் 2.1 மைக்ரோமீட்டர் லேசர் இருக்கிறது. சஃபையர் மேல் வளர்த்த சிலிக்கன் படலம் வாங்கப் போகிறோம். எந்தத் தடிமனில் வாங்குவது?

கடைசிக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்ல முடியும், சொல்கிறேன். ஹார்மோனிக் என்பது லேசரின் அதிர்வெண்ணைப் போல இரண்டு, மூன்று என முழு மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளி; அந்த மடங்கே அதன் வரிசை. அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படலத்தை மெலிதாக்குவது அதிக ஒளி வேண்டி அல்ல. தடித்த படிகத்தில் நம் கருவிக்கு வந்து சேரும் ஹார்மோனிக்கில் இரண்டு கதைகள் கலந்திருக்கின்றன. எலக்ட்ரான்கள் அந்த ஒளியை எப்படி உண்டாக்கின என்பது ஒன்று. லேசர் துடிப்பும் உண்டான ஒளியும் படிகத்துக்குள் பயணம் செய்யும்போது என்னென்ன ஆயின என்பது இன்னொன்று. மெல்லிய படலத்தில் இரண்டாவது கதைக்கு இடமே இல்லை, அல்லது கணக்குப் போட்டுக் கழித்துவிடும் அளவுக்குச் சிறிது. இந்தத் துறையில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடந்த வாதங்களில் பாதிக்குமேல் இந்தக் கலப்பால் வந்தவை என்பது என் கருத்து.

பாடப்புத்தகம் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் அவர் குழுவினரும் ரூபி லேசரின் 694 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் குவித்து 347 நானோமீட்டர் ஒளியைக் கண்டார்கள். நேரியலற்ற ஒளியியலின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே லேசரின் மின்புலம், அணுவுக்குள் எலக்ட்ரான் உணரும் புலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதனால் பொருளின் எதிர்வினையை மின்புலத்தின் அடுக்குகளாக எழுதி, முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒளி பல மடங்கு மங்கிக்கொண்டே போகும். மங்கிய ஒளியைப் பெருக்க ஒரே வழி, படிகத்தின் நீளம் முழுவதிலும் உண்டாகும் சிற்றலைகள் ஒரே கட்டத்தில், அதாவது முகட்டோடு முகடு பொருந்தி, சேரும்படி பார்த்துக்கொள்வது. தேர்வடம் பிடிப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது என்பது போல, கட்டம் ஒத்துப்போகாவிட்டால் முன்பாதியில் பிறந்த ஒளியைப் பின்பாதியில் பிறந்த ஒளி அழித்துவிடும். இரண்டாம் ஹார்மோனிக்குக்குப் படிகத்தின் கோணத்தைத் திருப்பி இந்த ஒத்திசைவைக் கொண்டுவந்துவிடலாம். அதனால்தான் அங்கே நீளம் நன்மை.

இரண்டு நிபந்தனைகள் இதில் ஒளிந்திருக்கின்றன. உண்டாகும் ஒளிக்குப் படிகம் ஒளிபுகும் பொருளாக இருக்க வேண்டும். அடிப்படை ஒளியின் ஒளிவிலகல் எண்ணையும் ஹார்மோனிக்கின் ஒளிவிலகல் எண்ணையும் எப்படியாவது சமமாக்க முடிய வேண்டும். உயர் வரிசையில் இரண்டுமே கைவிட்டுப் போகின்றன.

இனி மின்புலம் எவ்வளவு என்று பாருங்கள். 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பில் 10 மைக்ரோஜூல் ஆற்றல், குவியத்தில் கற்றையின் ஆரம் 50 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி வாட். மின்புலமாக மாற்றினால் சென்டிமீட்டருக்கு 4.4 கோடி வோல்ட், அதாவது ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 0.44 வோல்ட். சாதாரண நேர்மின்னழுத்தத்தில் சிலிக்கன் சென்டிமீட்டருக்கு 3 லட்சம் வோல்ட் அளவிலேயே முறிந்துவிடும். எதிரொளிப்பு போக உள்ளே போவது பாதிதான் என்றாலும், முறிவுப் புலத்தைப் போல எழுபது மடங்கு. பொருள் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம், இது நடப்பது ஒரு கோடியில் ஒரு பங்கு மைக்ரோ வினாடிக்கு மட்டும். அணிக்கோவை, அதாவது படிகத்தில் அணுக்களின் ஒழுங்கு வரிசை, வெப்பமேறிச் சிதைவதற்குள் துடிப்பு போய்விடுகிறது. இந்த அளவுப் புலத்தில் அடுக்குத் தொடரை எழுதிப் பயனில்லை, அது ஒருங்காது.

வாயுக்களில் இது முன்பே தெரிந்திருந்தது. 1980-களின் பிற்பாதியில் பாரிசுக்கு அருகிலுள்ள சாக்லேயில் ஆன் லுயிலியேவின் குழு, அகச்சிவப்பு லேசரை ஆர்கான் வாயுவில் பாய்ச்சி 33-ஆம் ஹார்மோனிக் வரை கண்டது. வரிசை கூடக்கூட ஒளி மங்கிக்கொண்டே போகாமல், ஒரு சமவெளி போல ஏறத்தாழ ஒரே அளவில் நின்று, பிறகு சட்டென்று அறுந்தது. பால் கார்க்கம் 1993-இல் கொடுத்த விளக்கம் எளிமையானது: புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்க்கிறது, வெளியே முடுக்குகிறது, புலத்தின் திசை மாறும்போது அதைத் திருப்பிக் கொண்டுவந்து தாய் அயனியோடு மோத வைக்கிறது. மோதும்போது சேர்த்துவைத்த ஆற்றல் ஒளியாகிறது. அட்டோ வினாடித் துடிப்புகள் அதிலிருந்துதான் வந்தன. 2023 இயற்பியல் நோபல் பரிசு லுயிலியே, அகோஸ்தினி, கிரவுஸ் மூவருக்கும் அந்தப் பணிக்காகவே கிடைத்தது.

திடப்பொருளில் இது நடக்குமா என்ற கேள்விக்கு 2011-இல் விடை கிடைத்தது. கிமிரேயும் ரீசும் அகோஸ்தினியும் திமாவ்ரோவும் அடங்கிய குழு, 3.25 மைக்ரோமீட்டர் துடிப்பைத் துத்தநாக ஆக்சைடு படிகத்தில் செலுத்தி 25-ஆம் ஹார்மோனிக் வரை பதிவு செய்தது. அடிப்படை ஃபோட்டானின் ஆற்றல் 0.38 எலக்ட்ரான் வோல்ட். படிகத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரானை ஓடவிடத் தேவையான குறைந்த ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 25-ஆவது ஹார்மோனிக் 9.5 எலக்ட்ரான் வோல்ட். அதாவது இடைவெளியைப் போல மூன்று மடங்கு ஆற்றலுள்ள ஒளி, அந்த ஒளியைச் சற்றும் கடத்தாத ஒரு பொருளுக்குள்ளிருந்து வந்தது. இன்னொரு வேறுபாடும் தெரிந்தது. வாயுவில் ஹார்மோனிக் அறுபடும் எல்லை லேசரின் செறிவோடு நேர்விகிதத்தில் உயரும். இங்கே அது மின்புலத்தோடு நேர்விகிதத்தில் உயர்ந்தது.

ஏன் அப்படி? இந்த இடத்தில்தான் குறைகடத்தி வாயுவிலிருந்து பிரிகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வலிய புலம், எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் நிலைகளான இணைதிறன் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரானை, மேலே காலியாக உள்ள கடத்துப் பட்டைக்குச் சுரங்கமாக இழுத்துவிடுகிறது, கீழே ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், மிஞ்சுகிறது. இரண்டும் தத்தம் பட்டையில் ஓடத் தொடங்குகின்றன. வெற்றிடத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் உந்தத்தின் இருமடியாக எல்லையின்றி ஏறும். படிகத்தில் அப்படியில்லை. பட்டை ஓரளவு ஏறி, பிரில்வான் மண்டலத்தின் (படிகத்தில் எலக்ட்ரானின் உந்தம் அடங்கும் எல்லையின்) விளிம்பில் தட்டையாகி, மறுபக்கம் இறங்குகிறது. துத்தநாக ஆக்சைடில் அணிக்கோவை நீளம் 5.2 ஆங்ஸ்ட்ராம். ஆங்ஸ்ட்ராமுக்கு அரை வோல்ட் புலம் என்றால், ஒரு அலகுக் கூட்டைக் கடக்கும்போது எலக்ட்ரான் பெறுவது 2.6 எலக்ட்ரான் வோல்ட். இது ஃபோட்டான் ஆற்றலைப் போல ஏழு மடங்கு. ஒரு அலைச்சுற்று முடிவதற்குள் எலக்ட்ரான் மண்டலத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிவிடும் என்பது இதன் பொருள். லேசர் ஒரு முறை ஆடுவதற்குள் எலக்ட்ரானின் வேகம் பல முறை ஆடுகிறது. அந்த ஆட்டமே ஒரு மின்னோட்டம், அந்த மின்னோட்டமே உயர் அதிர்வெண் ஒளியை வீசுகிறது. இதைப் பட்டைக்குள் நடக்கும் பங்களிப்பு என்பார்கள். ஆட்டத்தின் வேகம் புலத்துக்கு நேர்விகிதமாக இருப்பதால் எல்லையும் புலத்தோடு நேராக உயர்வது இயல்பு.

இரண்டாவது வழியும் உண்டு. ஓடிய எலக்ட்ரானும் துளையும் மீண்டும் ஓரிடத்தில் சந்தித்து இணைந்தால், அந்த உந்தத்தில் இரு பட்டைகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் முழுவதும் ஒரே ஃபோட்டானாக வெளிவரும். இது கார்க்கத்தின் வாயுச் சித்திரத்தின் நேர் வாரிசு, தாய் அயனிக்குப் பதில் துளை. 2015-இல் ஒட்டாவாவில் வாம்பாவும் சகாக்களும் துத்தநாக ஆக்சைடில் அடிப்படை ஒளியோடு அதன் இரண்டாம் ஹார்மோனிக்கை மிகச் சிறிதளவு கலந்து, கட்டத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, இந்த வழியே முதன்மையானது என்று காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரீகன்ஸ்பர்க்கில் காலியம் செலினைடில் 30 டெராஹெர்ட்ஸ் அலையைச் சென்டிமீட்டருக்கு 7.2 கோடி வோல்ட் உச்சத்தில் செலுத்தி 22-ஆம் வரிசை வரை பெற்றவர்கள், பட்டைக்குள் நடக்கும் ஆட்டத்தையும் பட்டைகளுக்கிடையேயான குறுக்கீட்டையும் சேர்த்துத்தான் விளக்க முடிந்தது. எது முதன்மை என்பது பொருளையும் அலைநீளத்தையும் ஹார்மோனிக்கின் ஆற்றலையும் பொறுத்தது. இடைவெளிக்கு மேலுள்ள ஹார்மோனிக்குகளில் பட்டைகளுக்கிடையேயான வழி மேலோங்குவதாகவே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.

சரி, இனி தடிமன். உங்கள் சிலிக்கனையும் 2.1 மைக்ரோமீட்டரையும் வைத்தே கணக்கிடுவோம். சிலிக்கன் மையச் சமச்சீருள்ள படிகம், ஆகவே படலத்துக்குள் ஒற்றைப்படை வரிசைகள் மட்டுமே பிறக்கும். மூன்றாவது 700 நானோமீட்டர், ஐந்தாவது 420, ஏழாவது 300.

அடிப்படை ஒளிக்கு ஒளிவிலகல் எண் 3.45. 700 நானோமீட்டரில் அது 3.78 அளவு. இந்த வேறுபாட்டால் மூன்றாம் ஹார்மோனிக் ஒரு மைக்ரோமீட்டர் தொலைவுக்குத்தான் தன்னோடு தானே கூட முடியும், அதற்குமேல் அழிக்கத் தொடங்கும். ஐந்தாவதுக்கு ஒளிவிலகல் எண் 5.1. அதன் ஒத்திசைவு நீளம் 130 நானோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஏழாவதின் கதையே வேறு. 300 நானோமீட்டர் ஒளியைச் சிலிக்கன் 6 நானோமீட்டரிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். செறிவுக்குப் பதில் மின்புலத்தின் வீச்சைக் கணக்கில் கொண்டால் 12 நானோமீட்டர். ஆக, ஏழாம் ஹார்மோனிக் என்று நாம் அளப்பது, படிகம் அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தாலும் சரி, 50 நானோமீட்டராக இருந்தாலும் சரி, ஒளி வெளியேறும் முகத்தை ஒட்டிய இருபதுக்குச் சற்று மேற்பட்ட அணிக்கோவை அடுக்குகளில் பிறந்தது. முன்னால் பிறந்ததெல்லாம் உள்ளேயே செத்துவிட்டது. தடித்த படிகம் ஏழாம் ஹார்மோனிக்குக்கு ஒரு துளி ஒளியைக்கூடக் கூடுதலாகத் தருவதில்லை.

அப்படியானால் தடிமன் எதையாவது மாற்றுகிறதா? மாற்றுகிறது, அதுதான் சிக்கல். அந்தக் கடைசி 12 நானோமீட்டரை வந்தடையும் லேசர் துடிப்பு, படிகத்துக்குள் நுழைந்த துடிப்பு அல்ல. அரை மில்லிமீட்டர் பயணத்தில் செறிவால் ஒளிவிலகல் எண் மாறி, துடிப்பின் நிறமாலை விரிந்திருக்கும், வடிவம் திரிந்திருக்கும், கற்றை தானே குவிந்திருக்கவும் கூடும். 2.1 மைக்ரோமீட்டரில் ஒரு ஃபோட்டான் 0.59 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு சேர்ந்தால் 1.18. சிலிக்கனின் இடைவெளி 1.12. ஆகவே இரட்டை ஃபோட்டான் உட்கவர்தலும் வழியெல்லாம் நடந்து, உச்சத்தை மழுக்கி, பின்னால் வரும் பகுதிக்கு மின்னூர்திகளை (ஓடும் எலக்ட்ரான்களையும் துளைகளையும்) நிரப்பி வைத்திருக்கும். இவை போதாதென்று, மூன்றாம் ஹார்மோனிக் போதுமான வலுவோடு கூடவே ஓடினால், அது அடிப்படை ஒளியோடு கலந்து ஐந்தாவதையும் ஏழாவதையும் சாதாரண அலைக் கலப்பாகவே உண்டாக்கும். அந்த ஒளிக்கும் பட்டையில் ஓடிய எலக்ட்ரானுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

செறிவை மாற்றி ஹார்மோனிக் எப்படி வளர்கிறது என்று நீங்கள் வரையும் வரைபடத்தில் இவை எல்லாமே உட்கார்ந்திருக்கும். தளவிளைவுத் திசையை, அதாவது லேசரின் மின்புலம் ஆடும் திசையை, சுழற்றி எடுக்கும் வரைபடத்திலும் அப்படியே. 2018-இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று காலியம் ஆர்சனைடில் முன்முகத்திலிருந்து எதிரொளித்து வரும் ஹார்மோனிக்கையும் பின்முகம் வழியாக ஊடுருவி வரும் ஹார்மோனிக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. எதிரொளிப்பில் வருவது புதிதாக நுழைந்த, கெடாத துடிப்பால் பிறந்தது. ஊடுருவி வருவது பயணம் செய்து களைத்த துடிப்பால் பிறந்தது. படிகத் திசையைச் சார்ந்த நடத்தை இரண்டிலும் ஒன்றாக இல்லை. படிகத்தின் பட்டை அமைப்பைப் பற்றிய செய்தி என்று ஊடுருவல் வரைபடத்தை நம்பினால் தவறான முடிவுக்குப் போவோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் கோட்பாட்டுக்காரர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது. ஒரு தனி அலகுக் கூட்டுக்கு மட்டும் கணக்கிட்டால் ஹார்மோனிக் நிறமாலை இரைச்சலாக, உச்சிகள் பிரிந்து தெரியாமல் வருகிறது. சோதனையிலோ உச்சிகள் கூர்மையாக, ஒற்றைப்படை எண்களில் சுத்தமாக நிற்கின்றன. இதைச் சரிக்கட்ட, எலக்ட்ரானும் துளையும் தங்கள் கட்ட உறவை ஓரிரு ஃபெம்டோ வினாடிகளிலேயே இழந்துவிடுகின்றன என்று கணக்கில் சேர்த்தார்கள். 2.1 மைக்ரோமீட்டர் ஒளியின் ஒரு முழு அலைச்சுற்றே 7 ஃபெம்டோ வினாடிதான். ஒரு சுற்றின் கால்பங்கில் கட்டத்தை மறக்கும் எலக்ட்ரான் என்றால் அதற்கு இயற்பியல் காரணம் சொல்வது கடினம். பிறகு வியன்னாவிலும் வேறு இடங்களிலும் துடிப்பு படிகத்துக்குள் பயணிப்பதையும் கற்றையின் நடுவிலும் ஓரத்திலும் செறிவு வேறுபடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அத்தனை குறுகிய மறதிக் காலத்தைத் திணிக்காமலேயே நிறமாலை சுத்தமாகத் தொடங்கியது. அந்தச் சுத்தத்தில் எவ்வளவு பொருளின் உள்ளியல்பு, எவ்வளவு பயணத்தின் கைவேலை என்று பிரிக்க, பயணமே இல்லாத மாதிரி வேண்டும். மெல்லிய படலத்தின் முதன்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

படலத்தை மெலிதாக்கினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். மெல்லிய படலம் தனக்கென்று ஒரு புதிய விளைவைக் கொண்டுவருகிறது. இரு முகங்களிலும் எதிரொளித்துத் திரும்பும் அடிப்படை ஒளி தன்னோடு தானே குறுக்கிடும். அரை மில்லிமீட்டர் சிலிக்கனில் ஒரு சுற்றுப் பயணத்துக்குப் பதினொரு பிக்கோ வினாடிக்குமேல் ஆகும், 100 ஃபெம்டோ வினாடித் துடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கவே போவதில்லை. 300 நானோமீட்டர் படலத்தில் சுற்றுப் பயணம் 7 ஃபெம்டோ வினாடி, எல்லா எதிரொளிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே வெளியேறும் முகத்தில் புலம் எவ்வளவு என்பது தடிமனைப் பொறுத்து ஏறி இறங்கும். உயர் வரிசை ஹார்மோனிக் புலத்தின் பெரிய அடுக்கைச் சார்ந்து வளர்வதால், புலத்தில் சிறிய மாற்றம் வெளிச்சத்தில் பெரிய மாற்றமாகத் தெரியும்.

எண்களில் சொல்கிறேன். தாங்கு தளம் இல்லாமல் காற்றில் நிற்கும் சிலிக்கன் படலத்தின் தடிமன் அரை அலைநீளம், அதாவது 2100-ஐ 3.45-இன் இருமடங்கால் வகுத்தால் வரும் 304 நானோமீட்டர் என்றால், படலம் அடிப்படை ஒளிக்கு முழுக்கக் கடத்தியாகி, வெளியேறும் முகத்தில் புலம் வந்து விழும் புலத்துக்குச் சமமாகும். தடித்த படிகத்தின் வெளியேறும் முகத்தில், வழியில் எதுவும் கெடாவிட்டாலும், அது 0.70 பங்குதான். செறிவில் பார்த்தால் படலத்துக்கு இரண்டு மடங்கு ஆதாயம். ஹார்மோனிக் செறிவின் மூன்றாம் அடுக்காக வளர்கிறது என்று வைத்தால் எட்டு ஒன்பது மடங்கு. 152 நானோமீட்டர் படலத்திலோ அதே புலம் 0.53 பங்குக்கு இறங்கிவிடும். இரண்டு தடிமன்களை எடுத்து ஹார்மோனிக் வெளிச்சத்தை ஒப்பிட்டு, தடிமன் இவ்வளவு மாற்றியது என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைக் காட்டாமல் எழுதினால் அந்த முடிவை நான் ஏற்க மாட்டேன்.

மெலிவின் கடைசி எல்லை ஒற்றை அணு அடுக்கு. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் 0.65 நானோமீட்டர் தடிமனுள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை அடுக்கில் 4.1 மைக்ரோமீட்டர் துடிப்பால் 13-ஆம் வரிசை வரை பெற்றார்கள். ஒற்றை அடுக்குக்கு மையச் சமச்சீர் இல்லாததால் இரட்டைப்படை வரிசைகளும் வந்தன. அவை பட்டையின் பெர்ரி வளைவை (எலக்ட்ரானின் ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பும் பட்டைப் பண்பை) காட்டும் தடயங்கள் என்று விளக்கினார்கள். பருமப் படிகத்தின் ஓர் அடுக்கு தரும் ஒளியைவிடத் தனித்து நிற்கும் அடுக்கு தரும் ஒளி கூடுதல் என்பதும் அங்கே தெரிந்தது. வேறொரு திசையில், 2019-இல் இண்டியம் கலந்த காட்மியம் ஆக்சைடு படலத்தில், மின்விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையின் அளவு) பூச்சியத்தை நெருங்கும் அலைநீளத்தில் புலம் படலத்துக்குள் செறிந்து ஹார்மோனிக்கைப் பெருக்குவதைக் காட்டினார்கள். அந்த அலைநீளம் 2.08 மைக்ரோமீட்டர் என்பதால் உங்கள் லேசருக்கு அது அடுத்த திட்டமாக இருக்கலாம்.

வாயுவை இது வென்றுவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆற்றலில் வெல்லாது. வாயுவில் நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் வரை போகலாம். திடப்பொருளில், 2015-இல் கார்ஷிங்கில் மிக மெல்லிய சிலிக்கா படலத்தில் மிகக் குறுகிய துடிப்பால் பெற்ற 40 எலக்ட்ரான் வோல்ட் போன்றவையே உயரத்தில் நிற்கின்றன, அதுவும் குறைகடத்தி அல்ல, மின்கடத்தாப் பொருள். ஆனால் வாயு அணுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரிதாக மிச்சமில்லை. படிகத்திடம் நிறைய இருக்கிறது: பட்டையின் வளைவு, சமச்சீர், துளையும் எலக்ட்ரானும் கட்டத்தை எவ்வளவு நேரம் காக்கின்றன என்பது. அவற்றைத்தான் ஹார்மோனிக் சுமந்து வருகிறது. பயணத்தின் கறை படியாமல் அது வந்தால் போதும்.

உங்கள் வாங்குதலுக்கு வருகிறேன். சஃபையர் தளம் நல்ல தேர்வு. அதன் இடைவெளி 9 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது, ஏழாவது ஹார்மோனிக்கும் ஒன்பதாவதும் அதற்குள் தடையின்றிச் செல்லும். கண்ணாடித் தளத்தை எடுத்துவிடாதீர்கள், ஏழாவதிலேயே விழுங்கத் தொடங்கிவிடும். ஒளியை எந்தப் பக்கமிருந்து விடுவது என்பது முக்கியம். சிலிக்கன் பக்கமாக விட்டால், அரை அலை தடிமனில் புலம் இரு முகங்களிலும் 0.73 பங்கு. சஃபையர் வழியாக விட்டு, சிலிக்கனின் வெளிமுகத்திலிருந்து ஹார்மோனிக்கை நேராகக் காற்றுக்குள் எடுத்தால் அங்கே புலம் 0.93 பங்கு. இரண்டாவது முறையில் செறிவு ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் துடிப்பு முதலில் சஃபையருக்குள் நடந்து வர வேண்டும், தளம் தடித்திருந்தால் அங்கேயே கொஞ்சம் திரியும். அரை மில்லிமீட்டருக்குமேல் தளம் வேண்டாம். படலத்துக்கு முன்னும் பின்னும் அடிப்படை ஒளியின் நிறமாலையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரிந்திருந்தால் உடனே தெரியும். படலமில்லாத வெறும் சஃபையரிலும் அதே செறிவில் ஒரு நிறமாலை எடுத்தே ஆக வேண்டும், மூன்றாம் ஹார்மோனிக்கில் தளத்தின் பங்கு அலட்சியப்படுத்தும் அளவில் இருக்காது.

தடிமனுக்கு என் பரிந்துரை மூன்று படலங்கள்: 30, 150, 300 நானோமீட்டர். காரணம் இது. படலம் மிக மெலிந்தால் அதன் எதிரொளிப்புக் குறுக்கீடு மறைந்து, வெளிமுகப் புலம் அரை அலைப் படலத்தின் மதிப்புக்கே திரும்பி வந்துவிடுகிறது. சஃபையர் பக்கமிருந்து விடும்போது 30 நானோமீட்டருக்கும் 304 நானோமீட்டருக்கும் வெளிமுகப் புலத்தில் வேறுபாடு 5 சதவீதம்தான். தடிமனில் வேறுபாடு பத்து மடங்கு. ஏழாம் ஹார்மோனிக் இரண்டிலும் அதே கடைசி 12 நானோமீட்டரில் பிறக்கிறது. அந்த 5 சதவீதத்தைத் திருத்திய பிறகும் ஏழாவதில் இரண்டும் வேறுபட்டால் அது பயணத்தால், அல்லது கீழடுக்கு ஹார்மோனிக் கலப்பால் வந்தது என்று கையைக் காட்டிச் சொல்லலாம். மூன்றாவது இரண்டிலும் தடிமனின் இருமடியோடு ஏற வேண்டும், ஐந்தாவது 300 நானோமீட்டரில் ஒத்திசைவு நீளத்தைத் தாண்டித் தேங்க வேண்டும். 150 நானோமீட்டர் படலம் புலம் தாழ்ந்த இடத்தில் நிற்பதால், குறுக்கீட்டுக் கணக்கு சரியா என்று சோதிக்க உதவும். அதில் செறிவைக் கணக்குப்படி ஏற்றி, மற்றவற்றின் ஏழாவதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சஃபையரின் அணிக்கோவையும் சிலிக்கனின் அணிக்கோவையும் பொருந்தாதவை. தளத்தைத் தொடும் முதல் அடுக்குகளில் இரட்டைப் படிகங்களும் அடுக்குப் பிழைகளும் நெருக்கமாக இருக்கும், மேலே போகப்போகக் குறையும். 300 நானோமீட்டர் படலத்தைத் தேய்த்து 30 ஆக்கித் தருகிறோம் என்றால், உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கெட்ட பகுதி மட்டும். பிழைகள் ஹார்மோனிக்கின் திசைச் சார்பை மழுக்கும், சேதம் தொடங்கும் செறிவையும் தாழ்த்தும். விற்பவரிடம் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தையும் நீள்வட்ட அளவியலால் எடுத்த தடிமன் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். தடிமன் பரப்பெங்கும் 5 நானோமீட்டருக்குமேல் மாறினால் 30 நானோமீட்டர் துண்டை ஏற்காதீர்கள். நல்ல 30 கிடைக்காவிட்டால், மறுபடிகமாக்கித் தரம் உயர்த்திய 50 நானோமீட்டர் படலம் போதும். புலம் இன்னும் கொஞ்சம் தாழும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.